கட்டிப்போட்ட காலும் நடக்கவைத்த காலும்

எங்கள் நாய் செவலை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளை ‘அது’ என்று சொன்னதில்லை. அதனால் இங்கேயும் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். 4 வயது, 18 கிலோ, செம்மண் நிறம். வெளிவாசல் கிறீச்சிட்டால் வீட்டில் யார் எழுந்திருக்கும் முன்பும் அவள் அங்கே நிற்பாள். அன்று மாலை வாசலுக்குத் தாழ் போட மறந்தவன் நான்தான். தெருவில் வந்த பைக் ஒன்று அவளை இடுப்பருகே இடித்துத் தள்ளியது. உருண்டு விழுந்தவள் உடனே எழுந்து, மூன்று காலில் நொண்டியபடி உள்ளே ஓடிவந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

ரத்தம் இல்லை, கத்தலும் இல்லை. அதனாலேயே பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பினோம். வலது பின்னங்கால் மட்டும் தரையில் படவில்லை. முழங்கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பாதம் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கியிருந்தது. அவள் எழுந்து நின்றபோது பின்னாலிருந்து பார்த்தால் வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு மூட்டு விலகிய நாய் நிற்கும் நிலை இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் நடந்த மூன்று தவறுகளில் இரண்டாவது நடந்திருக்காமல் தடுத்திருப்பேன்.

முதல் தவறு, எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க இடுப்பை அழுத்திப் பார்த்தது. நான்கு வருடத்தில் என்மீது ஒரு பல் படாதவள், திரும்பி என் மணிக்கட்டைக் கவ்விவிட்டாள். கவ்விய உடனே விட்டும்விட்டாள். அவள் முகத்தில் இருந்தது கோபமல்ல, திகைப்பு. வலியில் இருக்கும் நாய்க்கு எஜமானன், அந்நியன் என்ற கணக்குக் கிடையாது. தூக்கும் முன் ஒரு மென்மையான துணிப்பட்டையை மூக்குத்தண்டைச் சுற்றிக் கட்டிக் காதுகளுக்குப் பின்னால் முடிச்சிட்டிருக்க வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், சப்பை மூக்கு இனங்களுக்கும் இப்படி வாயைக் கட்டக் கூடாது.

இரண்டாவது தவறு நடக்க இருந்து தப்பியது. தம்பி அலமாரியிலிருந்து எங்கள் வலி மாத்திரையை எடுத்துப் பாதியாக உடைத்துவிட்டான். “பாதிதானே அண்ணா, சின்னக் குழந்தைக்கே கொடுக்கிறோம்” என்றான். செவலை அதைத் துப்பிவிட்டாள். பிறகுதான் தெரிந்துகொண்டோம்: இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. பாராசிட்டமாலோ அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும், ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனையும் குறைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஒரு வலி மாத்திரை உள்ளே போய்விட்டால், மருத்துவர் தான் தர நினைக்கும் நாய்களுக்கான மருந்தை அதன்மேல் உடனே தர முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது தவறுதான் எங்களை அதிகம் அலையவைத்தது. ‘சுளுக்காக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரவைக் கழித்தோம். விடிந்ததும், பாவம், ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லையே என்று மனைவி அவளுக்கு வயிறு நிறையச் சோறு வைத்தாள். செவலையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிடுகிறாளே, அப்படியானால் ஆபத்தில்லை என்று நான் மகிழ்ந்துகூடப் போனேன்.

கொண்டுபோனதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம். மடியில் அள்ளித் தூக்காமல், கனமான போர்வை ஒன்றைத் தரையில் விரித்து, அடிபட்ட பக்கம் மேலே இருக்கும்படி அவளை அதன்மேல் நகர்த்தி, நான்கு மூலைகளையும் இருவர் பிடித்துத் தூக்கினோம். மகள் பாடத்தில் படித்த நினைவில் இரண்டு அளவுகோல்களைக் கொண்டுவந்து காலோடு வைத்துக் கட்டலாம் என்றாள். இடுப்புக்கோ தோளுக்கோ வீட்டில் அப்படிக் கட்டக் கூடாது. கட்டின் மேல்முனை மூட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். காலுக்குக் கூடுதல் பாரமாகி, நெம்புகோல்போல விலகிய இடத்தை இன்னும் கிளறும்.

மருத்துவர் காலைத் தொடவே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்தார். இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டுமாம். பிறகு நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், வயிற்றைத் தடவினார். “இரவிலிருந்து சிறுநீர் கழித்தாளா?” என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கால் தொங்குகிறது, இவர் சிறுநீரைப் பற்றிக் கேட்கிறாரே என்று. வண்டி இடித்த நாய் மூட்டு விலகலால் சாவதில்லை; நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்தோ, உள்ளே ரத்தம் கசிந்தோ, சிறுநீர்ப்பை கிழிந்தோதான் சாகிறது. வெளியில் காயமே இல்லாமல் இவையெல்லாம் நடக்கலாம். நாங்கள் தூங்கிக் கழித்த இரவில் இவற்றில் எதுவும் நடக்காதது எங்கள் சாமர்த்தியமல்ல.

நெஞ்சுக்கு ஓர் எக்ஸ்ரே, இடுப்புக்கு இரண்டு. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே கோணத்தில் எடுத்தால் எலும்பு முன்னே போயிருக்கிறதா, பின்னே போயிருக்கிறதா என்று தெரியாமல் போகலாம். படம் வருவதற்குள் அவர் என் கையைப் பிடித்துச் செவலையின் இடுப்பில் மூன்று மேடுகளைத் தொட்டுக் காட்டினார். முன்னால் இடுப்பெலும்பின் விளிம்பு, பின்னால் உட்காரும் எலும்பின் முனை, நடுவில் தொடை எலும்பின் புடைப்பு. இடப்பக்கம் மூன்றும் சேர்ந்து முக்கோணமாக நின்றன, நடுப்புள்ளி கீழே இறங்கியிருந்தது. வலப்பக்கம் நடுப்புள்ளி மேலே ஏறி, மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தன. எக்ஸ்ரே பிறகு சொன்னதை என் விரல் அப்போதே சொல்லிவிட்டது.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது உட்காரும் குழி ஒரு கிண்ணம். பந்தைக் கிண்ணத்தோடு பிணைக்கக் குட்டையான ஒரு தசைநார் உண்டு, சுற்றிலும் ஓர் உறை உண்டு. பந்து வெளியே வருகிறது என்றால் இவை இரண்டும் கிழிந்துவிட்டன என்று பொருள். நாய்களில் அடிபட்டு விலகும் மூட்டுகளில் அதிகம் காணப்படுவது இடுப்புதான். அதிலும் பெரும்பாலும் பந்து முன்னோக்கி மேலே ஏறிவிடும், செவலைக்கு ஆனதுபோல.

“ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே போய்விடாதா டாக்டர்?” என்று கேட்டேன். விழித்திருக்கும் நாயின் பின்தொடைத் தசைகள் வலியில் இறுகி, எலும்பை மேலேயே பிடித்து வைத்திருக்கும். அதை மீறி இழுத்தால் பந்தின் மேலிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு கிண்ணத்தின் விளிம்பில் உரசித் தேயும். முழு மயக்கத்தில் தசைகள் தளர்ந்தால்தான் ஏற்ற முடியும். சரி, மயக்கம் கொடுங்கள் என்றேன். “கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?” என்றார். மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வயிறு நிறைந்த நாய் மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஆகவே மாலைவரை காத்திருப்பு. ஒரு கிண்ணம் சோறு எங்களுக்கு ஒரு பகலைத் தின்றுவிட்டது. முதல் இரண்டு, மூன்று நாட்களுக்குள் ஏற்றினால்தான் பலன் நன்றாக இருக்கும். அதற்குமேல் தசை சுருங்கிப்போகும், காலியான கிண்ணத்தில் சதையும் உறைந்த ரத்தமும் நிறைந்துவிடும். அடிபட்ட நாய்க்கு மருத்துவர் பார்க்கும்வரை சோறு வைக்காதீர்கள் என்பதைப் பார்க்கிறவரிடமெல்லாம் இப்போது சொல்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன்.

அந்தக் காத்திருப்பில் மற்ற நாய்களின் விலகிய மூட்டுகளையும் பார்த்தேன். ஒரு குட்டி நாய், கையளவுதான் இருக்கும், நான்கு அடி நடக்கும், ஐந்தாவது அடியில் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், மறுபடி ஒன்றும் நடக்காததுபோல நடக்கும். முழங்கால் சில்லு அதன் பள்ளத்தை விட்டு உட்பக்கம் நழுவுவது. சிறிய இனங்களில் இது அடியால் வருவதைவிட வளரும் பருவத்தின் எலும்பு அமைப்பால் வருவதே அதிகம். நான்கு படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் கையால் தள்ளினால்தான் நழுவும், விட்டால் தானே திரும்பும். நான்காவதில் நிரந்தரமாக வெளியே இருக்கும், கையால் தள்ளினாலும் திரும்பாது. லேசானதற்கு எடையைக் குறைத்துக் கவனித்தால் போதும், முற்றியதற்கு அறுவை. பரம்பரையாக இறங்கக்கூடியது என்பதால் அந்த நாயைக் குட்டி போட விடக் கூடாது என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வாடியது.

இன்னொன்று பெரிய நாய். முன்னங்கால் முழங்கை மடிந்தபடி, பாதம் வெளிப்பக்கம் விலகித் தொங்கியது. முழங்கை எலும்புகள் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத்தான் விலகும், உட்பக்கத்துப் புடைப்பு பெரிதாக இருந்து தடுப்பதால். சீக்கிரம் ஏற்றினால் அறுவையில்லாமலேயே நிலைத்துவிடும் வாய்ப்பு அதற்கு இடுப்பைவிட அதிகம். வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் நாய்க்குத் தாடை மூட்டு விலகியிருக்கலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆனால் வெறிநோய் கண்ட நாயும் அப்படி நிற்கும். ஆகவே அந்த வாய்க்குள் யாரும் கையை விட்டுவிடக் கூடாது.

மாலையில் செவலையை மயக்கினார்கள். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். காலை இழுத்து, திருப்பி, அழுத்தியபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்ததாக உதவியாளர் சொன்னார். அதோடு விடவில்லை; புடைப்பின்மேல் கையை வைத்து அழுத்தியபடியே காலை மெல்லச் சுழற்றி, கிண்ணத்தில் தேங்கிய ரத்தக் கட்டுகளை வெளியே பிதுக்கினார்களாம். மறுபடி எக்ஸ்ரே. பந்து கிண்ணத்தில் இருந்தது. பிறகு மடக்கிய காலைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஒரு கட்டு. பாதம் தரையைத் தொடாது, தொடை உட்பக்கம் திரும்பிக் குழியை நோக்கி அழுந்தியிருக்கும். 10 முதல் 14 நாட்கள்வரை அது இருக்க வேண்டும்.

இந்தக் கட்டைப் பார்த்துவிட்டு யாரும் தங்கள் நாய்க்குப் போட முயல வேண்டாம். பந்து மேலே ஏறியிருந்தால்தான் இது. கீழ்நோக்கி நழுவியிருந்தால் இதே கட்டு அதை வெளியே தள்ளிவிடும். அப்போது இரண்டு பின்னங்கால்களும் அகலாதபடி தளையிடுவார்கள்.

கிளம்பும்போது மருத்துவர் ஒன்று சொன்னார். “இப்படி ஏற்றியவற்றில் ஏறக்குறையப் பாதி மறுபடி நழுவிவிடுகின்றன. என் வேலை முடிந்தது, இனி உங்கள் வேலை.” பாதி என்ற சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. மூட்டு ஏறிவிட்டது, கட்டுப் போட்டாகிவிட்டது, தலைவலி தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

கூண்டு ஒன்றை இரவல் வாங்கினோம். நின்று திரும்பிப் படுக்கலாம், ஓட முடியாது, அந்த அளவு. கீழே தடித்த மெத்தை. கழுத்தில் கூம்பு, கட்டைக் கடிக்காதிருக்க. சிறுநீருக்கும் மலத்துக்கும் மட்டும் வெளியே, அதுவும் கழுத்துவாரோடு. நீளமான துண்டு ஒன்றை வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிப்போம். முதல் நாள் அவளுக்குக் குந்தத் தெரியவில்லை. மூன்று காலில் குந்திச் சரிந்து, எழுந்து, என்னைப் பார்த்து, மறுபடி குந்தி, இருபது நிமிடம். மழை ஈரம் இருந்தால் கட்டின்மேல் பாலித்தீன் உறை மாட்டுவோம். உள்ளே வந்ததும் கழற்றிவிடுவோம், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து ஊறிவிடும்.

காலையும் மாலையும் ஒரு வேலை எனக்கு. கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நுனிகளைப் பார்ப்பது. நடு விரல்கள் இரண்டின் நகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நகங்கள் விலகிக்கொண்டே போனால் பாதம் வீங்குகிறது என்று அர்த்தம். விரல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், தொட்டால் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கட்டோடு மூக்கை வைத்து முகர்வேன். அழுக்கு நாற்றம் பரவாயில்லை, புளித்த நாற்றம் ஆகாது. நான்காம் நாள் மாலை நகங்களுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. ஓடினோம். கட்டு பாதத்தருகே இறுகி, உள்தொடையில் தோல் சிவந்திருந்தது. பிரித்து மறுபடி போட்டார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் புண்ணாகியிருக்கும். கவனிக்காமல் விட்டுப் பாதத்தையே இழந்த நாய்கள் உண்டு.

இரவில்தான் சோதனை. கூண்டுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் முனகுவாள். வலியா, சலிப்பா என்று பிரித்தறிய நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்: நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் முனகல் நின்றால் சலிப்பு. நிற்காமல் மூச்சும் இரைத்தால் வலி. வலி மருந்தைச் சாப்பாட்டோடுதான் கொடுத்தோம். வாந்தி எடுத்தாலோ மலம் தார்போலக் கறுத்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படி நேரவில்லை. ஓட்டம் இல்லாத நாய்க்குப் பழைய அளவு சோறு கூடாது என்று கால் பங்கைக் குறைத்தோம். கிண்ணத்தை நக்கிவிட்டு அவள் பார்க்கும் பார்வையைத் தாங்குவதற்குத் தனி மனத்திடம் வேண்டும்.

எட்டாம் நாள். நான் மெத்தையின் உறையை மாற்றிக்கொண்டிருந்தேன். அவளைக் கூண்டுக்கு வெளியே, என் அருகில் படுக்கவைத்திருந்தேன். கழுத்துவார் மாட்டவில்லை. ஒரு வாரமாகச் சாதுவாகத்தானே இருக்கிறாள் என்ற நினைப்பு. அழைப்புமணி அடித்தது. எழுந்தாள், மூன்றே எட்டு, வழுவழுப்பான தரையில் இடது கால் சறுக்கி இடுப்பு தரையில் அறைந்தது. ஒரே ஒரு கத்தல். விபத்தன்று கூட வராத கத்தல். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, கட்டுக்கு மேலே அந்த நடுப்புள்ளி ஏறியிருந்தது.

இங்கே என்னைத் திட்டிக்கொண்டே இரண்டு பக்கம் எழுதலாம். அதற்குப் பதிலாகத் தரையைப் பற்றிச் சொல்கிறேன். கூண்டிலிருந்து வாசல்வரை அவள் நடக்கும் பாதை முழுக்க முதல் நாளே ரப்பர் பாய் விரித்திருக்க வேண்டும். மூன்று காலில் நிற்கும் நாய்க்கு வழுக்கும் தரை நமக்குப் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி. பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியையும் வெட்டிவிட வேண்டும், நகத்தையும் குறைக்க வேண்டும். அழைப்புமணியைக் கழற்றி வைத்திருக்கலாம். இதெல்லாம் அரை நாள் வேலை.

மறுபடி ஏற்றிக் கட்டுவதில் பயனில்லை என்றார் மருத்துவர். திறந்துதான் செய்ய வேண்டும். கிழிந்த தசைநாருக்குப் பதிலாக எலும்பில் துளையிட்டு வலுவான நூலைக் கோத்துப் பந்தைக் குழியில் பிணைப்பது ஒரு வழி. அப்படித் திறந்து செய்தவை பத்தில் எட்டு, ஒன்பது நிலைத்துவிடும். ஆனால் திறந்து பார்க்கும்போது பந்தின் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால், அதை உள்ளே வைத்துக் கட்டுவது வாழ்நாள் முழுக்க வாத வலியைக் கட்டி வைப்பது. அப்படியானால் பந்தையும் அதன் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுவதுதான் நல்லது. “எதற்குச் சம்மதம்?” என்றார். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாதாம். இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டோம். நாய் மேசையில் திறந்து கிடக்கும்போது தொலைபேசியில் முடிவெடுக்கும் நிலை வராமல் முன்கூட்டியே இதைக் கேட்டு வைத்த அந்த மனிதருக்கு நான் இன்னும் நன்றியோடிருக்கிறேன். செயற்கை இடுப்பு மூட்டு பொருத்துவதும் உண்டு, எல்லா இடத்திலும் செய்வதில்லை.

திறந்து பார்த்தபோது பந்தின் ஒரு பக்கம் உப்புத்தாளால் தேய்த்ததுபோல் இருந்ததாம். எட்டு நாள் குழிக்குள்ளேயும் கடைசியில் வெளியேயும் அது பட்ட பாடு. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பந்து இல்லாமல் எப்படி நடப்பாள் என்று மனைவி அழுதாள். எலும்போடு எலும்பு உரசாமல், வெட்டிய இடத்தைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து தசைகளே காலைத் தாங்கும் ஒரு பொய் மூட்டு உருவாகும். எடை குறைந்த நாய்களுக்கு இது மிக நன்றாகவே அமைகிறது. ஏறத்தாழ 20 கிலோவுக்கு மேல் போகப் போகச் சற்றுக் குறைவு. செவலை விளிம்பில் இருந்தாள். கால் ஒரு துளி குட்டையாகும், அவ்வளவுதான்.

நான் கூண்டைத் துடைத்து, ரப்பர் பாய் விரித்து, இந்த முறை காவல் காக்கத் தயாராக இருந்தேன். மருத்துவர் சிரித்தார். “இப்போது கட்டிப்போட்டால் கெட்டுப்போகும். நடக்கவையுங்கள்.” எனக்குத் தலை சுற்றியது. மூட்டை ஏற்றி வைத்திருந்தபோது கிழிந்த உறை ஒட்டிச் சேர வேண்டும், அதனால் அசையக் கூடாது. இப்போதோ அங்கே மூட்டே இல்லை. அசைந்தால்தான் பொய் மூட்டு இளக்கமாக உருவாகும், அசையாவிட்டால் திசு இறுகிக் கால் மடங்காமல் நின்றுவிடும். ஒரே நாய், ஒரே கால், இரண்டு வாரத்துக்குள் இரண்டு எதிரெதிரான கட்டளைகள். உங்கள் நாய்க்கு எந்தச் சிகிச்சை நடந்தது என்று திட்டவட்டமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பக்கத்து வீட்டு நாய் எப்படித் தேறியது என்ற கதையைக் கேட்டு நடக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அவர் நாய்க்கு உண்மையாகவே இருக்கலாம்.

முதல் மூன்று நாள் தையலருகே துணியில் சுற்றிய பனிக்கட்டி, ஒருமுறைக்குப் பத்து நிமிடம். பிறகு வெந்நீர் ஒற்றடம். என் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு வைப்பேன். ஒற்றடத்துக்குப் பிறகு பயிற்சி. அவளை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, ஒரு கையால் முழங்காலைத் தாங்கி, காலை மெதுவாக முன்னே கொண்டுபோய், மெதுவாகப் பின்னே நீட்டுவது, ஒரு வேளைக்குப் பத்து முறை. பின்னே நீட்டுவதுதான் கடினம், அதுதான் முக்கியமும்கூட. தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாலோ உதட்டை நக்கினாலோ அதுதான் எல்லை. அதற்கு மேல் தள்ள மாட்டேன். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் எல்லை சற்றுத் தள்ளிப்போனது.

நடையில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. நாய் வேகமாக நடந்தால் மூன்று காலிலேயே சமாளித்துவிடும். நான்காவது காலைத் தூக்கி வைத்துக்கொள்வது அதற்குச் சுலபம். நாம் ஆமைபோல நடந்தால் சமநிலைக்காக அந்தக் காலை ஊன்றித்தான் ஆக வேண்டும். கழுத்துவாரைக் குட்டையாகப் பிடித்து, ஓர் அடி, நிறுத்தம், ஓர் அடி, நிறுத்தம். பார்ப்பவர்களுக்கு நாங்கள் இருவரும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் இருந்திருக்கும். அறுவை முடிந்த பன்னிரண்டாம் நாள் ஈரத் தரையில் அவள் நடந்த தடத்தைப் பார்த்தேன். மூன்று முழுப் பாதங்கள், நான்காவதாக இரண்டு நகங்களின் புள்ளி. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் படம் எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது.

மூன்றாம் வாரம் பாதி எடையை ஊன்றினாள். ஐந்தாம் வாரம் ஓடும்போது மட்டும் தூக்கினாள். பிறகு உட்கார்ந்து எழும் பயிற்சி, மூலைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, காலைப் பக்கவாட்டில் பரப்பாமல் நேராக எழவைப்பது. லேசான மேட்டில் ஏற்றம். தையல்காரர் நாடாவால் மாதம் ஒருமுறை இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் அளந்து குறித்துக்கொண்டேன். முதல் மாதம் வலது தொடை 4 சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. ஐந்தாம் மாதம் அந்த வித்தியாசம் ஒன்றாகச் சுருங்கியது. கண்ணுக்கு முன்னேற்றமே தெரியாத வாரங்களில் அந்தக் குறிப்புத்தாள்தான் என்னைச் சோர்ந்துபோகாமல் வைத்தது.

இன்று அவள் 16 கிலோ. குறைந்த இரண்டும் மருத்துவர் சொல்லிக் குறைத்தவை. குளிர்ந்த காலைகளில் முதல் பத்து எட்டு விறைப்பாக இருக்கும், பிறகு இளகிவிடும். வாசல் தாழை இரவில் நான் இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறேன், மனைவி மூன்றாவது முறை. ரப்பர் பாய்களை இன்னும் சுருட்டவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் மணியை அடித்தால் செவலை பாயின் கடைசி விளிம்புவரை ஓடிவந்து, அதைத் தாண்டி ஒரு நகம்கூட வைக்காமல், அங்கேயே நின்று குரைக்கிறாள்.